பூச்சியம்மாவும் அத்தான் கொண்டுவந்த பெட்டியும்

மனிதர்களில் உருப்படியானவர் ஒருவரையும் பூச்சியம்மா தன் வாழ்நாளில் சந்தித்ததில்லை. இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். அருங்காட்சியகத்தின் மாடியில், திமிங்கில எலும்புக்கூட்டைத் தாண்டி, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த பூச்சிக் கூடத்துக்கு அவள்தான் காப்பாளர். கூடத்துக்குள் வருகிறவர்களில் பாதிப்பேர் கழிப்பறை என்று நினைத்துக் கதவைத் தள்ளியவர்கள். மீதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். தப்பித் தவறி ஆசையோடு வந்தவர் யாராவது இருந்தால் அவரையும் பூச்சியம்மா பேசியே விரட்டிவிடுவாள்.

"இது கடிக்குமா?" என்று கேட்பார்கள்.

"செத்து நாப்பது வருஷம் ஆச்சு. இனிமே கடிச்சா வந்து சொல்லுங்க, பேப்பர்ல போடச் சொல்றேன்."

கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்ப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு நாளும் மூடுவதற்கு முன் ஈரத்துணியோடு அந்த மூக்குத் தடங்களைத் துடைத்தபடியே புலம்புவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவை எவ்வளவு மேல், இந்தப் பக்கம் வந்து நிற்பவை எவ்வளவு கீழ் என்பதுதான் அந்தப் புலம்பலின் சாரம்.

அவள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கம் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஆப்பிரிக்கப் பாலைவனத்து வண்டு ஒன்று இருந்தது. அது விடியற்காலையில் மணல்மேட்டில் ஏறித் தலைகீழாக நின்றுகொள்ளும். முதுகில் படிகிற மூடுபனி நீராக உருண்டு தானாக வாய்க்கு வந்து சேரும். நியூசிலாந்து மலையில் வாழும் வேட்டா என்ற பெரிய சுவர்க்கோழி இருந்தது. குளிரில் கல்லாக உறைந்து கிடந்துவிட்டு, வெயில் பட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நடக்கிற சீவன் அது. வயிற்றுக்குள் இரண்டு திரவங்களைத் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்து, யாராவது சீண்டினால் இரண்டையும் கலந்து கொதிக்கக் கொதிக்கப் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும் வண்டும் இருந்தது. தான் கொன்ற எறும்புகளின் பிணங்களை முதுகில் மூட்டையாக ஒட்டிக்கொண்டு திரியும் கொலைகாரப் பூச்சி அதற்குப் பக்கத்துப் பெட்டி. மடகாஸ்கரிலிருந்து வந்த, பாதி உடம்புக்குமேல் கழுத்தாகவே உள்ள ஒட்டகச்சிவிங்கி வண்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. உலக அதிசயங்கள் அத்தனையும் குண்டூசியில் குத்தி நின்றன. இவற்றைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஆளைப் பார்த்ததும் பூச்சியம்மாவுக்கு அவருக்கேற்ற பூச்சி நினைவுக்கு வந்துவிடும். பழைய இயக்குநர் தலையைக் குனிந்து நின்றே மானியம் வாங்கியவர், ஆகவே பாலைவன வண்டு. அடுத்தவர் செய்த வேலையையெல்லாம் தன் முதுகில் ஏற்றிக் காட்டும் துணை இயக்குநர் கொலைகாரப் பூச்சி. இளம் வயதில் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒருவர், பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று ஒரு பரிசு கொண்டுவந்தார். கடைசிப் பெட்டியில் ஒரு சீப்பு இருந்தது. அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு ஈ இருக்கு. பொட்டை ஈக்கு இரையைப் பட்டுல சுத்திக் குடுக்கும். அதுலயே ஒரு வகை, உள்ள ஒண்ணும் வெக்காம வெறும் பட்டுப் பந்தை நீட்டி ஏமாத்தும். நீங்க அந்த வகை."

அந்த மனிதர் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. கல்யாணப் பேச்சு அவள் வாழ்க்கையில் அதோடு முடிந்தது. நல்லதாகப் போயிற்று என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அவளுடைய ஏளனத்தின் பெரும்பங்கு வெளியாள் யாருக்கும் போகவில்லை. அது வீட்டிலேயே ஒருவருக்கு என்று எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அவளுடைய அக்காள் புருஷன், அதாவது அத்தான். ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, சரி செய்யும்வரை ஒரு மாதம் தங்கிக்கொள்கிறோம் என்று அக்காவும் அவரும் பெட்டியோடு வந்தார்கள். கூரை எப்போதோ சரியாகிவிட்டது, அதில் வேறு யாரோ வாடகைக்கும் வந்துவிட்டார்கள். அத்தான் மட்டும் பூச்சியம்மா வீட்டுச் சன்னலோரச் சாய்வு நாற்காலியில் வேர் விட்டுவிட்டார்.

நீலப் பட்டாம்பூச்சியில் ஓர் இனம் உண்டு. அதன் புழு, எறும்புகளின் ராணி போடும் சத்தத்தைப் போலவே சத்தம் போடும். நம் வீட்டுப் பெரிய மனுஷர் போலிருக்கிறது என்று எறும்புகளும் அதைப் புற்றுக்குத் தூக்கிக்கொண்டு போய், தங்கள் குஞ்சுகளைப் பட்டினி போட்டுவிட்டு அதற்கு ஊட்டும். அத்தான் தொண்டையைச் செருமுகிற தோரணையைக் கேட்டால் யாருக்கும் அந்தப் புழுதான் நினைவுக்கு வரும். ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டார். ஆனால் இரண்டாவது தம்ளர் டீ எப்போது வரும் என்பதைச் செருமியே தெரிவித்துவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் பூச்சியம்மா இந்தப் புழுவின் கதையை அவர் காதுபடவே சொல்வாள்.

"அப்புறம் அந்தப் புழு என்ன ஆகும்?" என்று அத்தான் அக்கறையாகக் கேட்பார்.

"கொழுத்துப் பட்டாம்பூச்சியா பறந்து போயிடும் அத்தான். அதுக்காவது போற புத்தி இருக்கு."

"சும்மா இருடீ," என்பாள் அக்கா. அத்தான் சிரித்துக்கொண்டே தட்டை முன்னால் தள்ளுவார். அந்த மனிதருக்குத் தோல் தடிப்பு என்று பூச்சியம்மா முடிவு கட்டியிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் புதிய இயக்குநர் வந்தார். முன்பு ஒரு பெரிய அங்காடியை நடத்தியவராம். அருங்காட்சியகத்தை அவர் சுற்றி வந்த வேகத்தைப் பார்த்தால், தீப்பிடித்திருக்கிறதா என்று சோதிக்க வந்தவர் போலிருந்தது. பூச்சிக் கூடத்துக்குள் வந்து நடுவில் நின்று கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வராங்க?"

"பார்க்கத் தெரிஞ்சவங்க வராங்க சார்."

"அப்படின்னா யாரும் வரலைன்னு அர்த்தம். பள்ளிக்கூட லீவு முடியட்டும். அதுக்குள்ள கூட்டம் சேரலைன்னா, இந்த இடத்தைக் காப்பிக் கடைக்குக் குடுத்துடலாம். உங்களைக் கீழே டிக்கெட் கிழிக்கிற இடத்துல போட்டுடறேன்."

பூச்சியம்மா பயந்துபோனாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கூடத்தில் அவள் கையால் குத்தாத பூச்சி குறைவு. காய்ந்து விறைத்து வந்ததை ஈர மணல் ஜாடியில் வைத்துப் பதமாக்கி, காலைப் பிரித்து, மீசையை நிமிர்த்தி, மூச்சுக்கூட விடாமல் ஒவ்வொன்றையும் நிற்க வைத்தவள் அவள். அதை விட்டால் அவளுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. ஆகவே கூடத்தைச் சில மாதம் மூடி, சுவருக்கு வண்ணம் அடித்து, விளக்கு மாற்றி, லீவுக்குப் புதிதாகத் திறப்பது என்று ஏற்பாடானது. வீட்டில் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. புழுவின் கதையையும் சொல்லவில்லை.

அத்தான் அதைக் கவனித்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து நாற்காலியை விட்டு எழுந்து, யாரோ இறந்துபோன டாக்டரின் வீட்டைக் காலி செய்ய உதவிக்குப் போனார். அவர் உதவிக்குப் போனார் என்பதையே அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் கையில் ஒரு கண்ணாடி மூடிய மரப்பெட்டியோடு திரும்பினார். உள்ளே சாயம்போன பட்டாம்பூச்சிகள் இருந்தன. பாதிக்கு இறக்கை இல்லை, ஊசியெல்லாம் துரு.

"டாக்டர் சின்ன வயசுல பிடிச்சதாம். தூக்கிப் போட இருந்தாங்க. நான்தான் கேட்டு வாங்கினேன். உன் கூடத்துக்கு ஆகும்ல?"

பூச்சியம்மா பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதைக் குப்பையில போட்டா குப்பைக்கே கேவலம் அத்தான்."

அக்கா முறைத்தாள். அந்த முறைப்புக்காகத்தான் பூச்சியம்மா மறுநாள் பெட்டியை இடுக்கிக்கொண்டு போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூச்சிக் கூடங்களில் ஒரு சட்டம் உண்டு. வெளியிலிருந்து எது வந்தாலும், ராஜா கொடுத்த பரிசாகவே இருந்தாலும், முதலில் இரண்டு வாரம் ஃப்ரீஸரில் கிடக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கிற முட்டையும் புழுவும் செத்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்கலாம். இந்தச் சட்டத்தைப் பூச்சியம்மா வீட்டிலும் விடமாட்டாள். அக்கா சந்தையில் வாங்கிவந்த அரிசியைக்கூட ஃப்ரீஸரில் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டவள். ஆனால் சட்டம் கூடத்தில் வைக்கத் தகுந்த பூச்சி மாதிரிகளுக்குத்தானே? அத்தான் கொண்டுவந்தது ஒரு மாதிரியா? அதை ஃப்ரீஸரில் வைப்பது அதற்கு ஒரு மரியாதை செய்ததாகாதா? தண்டச்சோற்றுக்குச் செய்கிற மரியாதை வீட்டிலேயே போதும் என்று நினைத்தாள். பெட்டியைப் பெரிய அலமாரியின் தலையில் எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, வண்ணம் அடிப்பவர்களைத் திட்டப் போய்விட்டாள்.

அத்தான் மட்டும் அவ்வப்போது கேட்டார்.

"நம்ம பெட்டியை எங்க வெச்சிருக்க?"

"எல்லாத்துக்கும் மேல வெச்சிருக்கேன்," என்றாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

வண்ணம் காய்ந்து, புது விளக்குகள் வந்து சேர்ந்த அன்று பூச்சியம்மா அலமாரிகளைத் திறந்தாள். முதல் இழுப்பறையில் ஒட்டகச்சிவிங்கி வண்டின் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் கிடந்தன. ஊசியைச் சுற்றி, சலித்த தூள்போலப் பழுப்பாக ஏதோ கொட்டியிருந்தது. அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒவ்வோர் இழுப்பறையாக இழுத்தாள். கொலைகாரப் பூச்சி முதுகில் மூட்டையோடு தூளாகியிருந்தது. உறைந்தாலும் சாகாத வேட்டாவுக்கு வயிறு இல்லை. கொதிநீர் பீய்ச்சும் வண்டை உள்ளிருந்தே தின்று, மேல் ஓடு மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். அந்தத் தூளுக்குள் மயிர் முளைத்த பழுப்புப் புழுக்கள், அரிசி அளவுகூட இல்லாதவை, சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தன. கம்பள வண்டின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அற்பம். வளர்ந்தால் பூவில் உட்கார்ந்து மகரந்தம் தின்னும், எறும்புத் தலை அளவுக்குத்தான் இருக்கும். அதன் படத்தை வைக்கக்கூட அந்தக் கூடத்தில் அவள் இடம் ஒதுக்கியதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது பார்த்தவர் யாரும் கிடையாது. அன்றும் யாரும் பார்க்கவில்லை.

ரப்பர் விளிம்பு வைத்த இரும்பு அலமாரி ஒன்றுதான் தப்பித்தது. அதற்குள் கோலியாத் வண்டும் அட்லஸ் அந்துப்பூச்சியும் இன்னும் சில பெரிய மனிதர்களும் பத்திரமாக இருந்தார்கள். மற்றதெல்லாம் போனது போனதுதான்.

இயக்குநர் மேலே ஏறி வந்தார். அவருக்குக் காட்டுவதற்காகப் பூச்சியம்மா புழுக்களைக் கண்ணாடித் தட்டில் போட்டு, ஓர் அந்துப்பூச்சியின் மிச்சத்தையும் கூட வைத்து, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸின் கீழ் வைத்திருந்தாள்.

"இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

ஃப்ரீஸரில் வைக்கவில்லை என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் டிக்கெட் கிழிக்கிற வேலைகூட மிஞ்சாது.

"எங்க அத்தான் ஒரு பெட்டி கொண்டு வந்தாரு. அதுல இருந்து," என்றாள்.

பொய் இல்லை. முக்கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசியை விழுங்கியது அவளுக்கே கசந்தது.

அவர் கத்த ஆரம்பிப்பதற்குள் ஒரு கூத்து நடந்தது. கழிப்பறை என்று நினைத்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. முதலில் வந்த பெண் லென்ஸில் கண்ணை வைத்தாள். அடுத்த நொடி வீடே இடிந்ததுபோல ஒரு கூச்சல். அந்துப்பூச்சியின் கண்ணுக்குள்ளிருந்து ஒரு புழு மயிரைச் சிலுப்பிக்கொண்டு எட்டிப் பார்த்ததாம். வரிசை கட்டிவிட்டார்கள். தள்ளுமுள்ளு. ஆசிரியை போனில் படம் எடுத்தாள். அந்தப் படம் சாயங்காலத்துக்குள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் மாடிப்படி முழுக்கக் கூட்டம் நின்றது.

பூச்சியம்மாவுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் பாலைவன வண்டு தலைகீழாக நின்று தவம் கிடந்ததே, அதைப் பார்க்க ஒருவர் வந்தாரா? வேட்டாவை ஒருவர் விசாரித்தாரா? திருடனைப் பார்க்க மட்டும் இடித்துக்கொண்டு வருகிறார்கள். தூ, என்ன சனங்களோ.

இயக்குநருக்கோ தலைகால் புரியவில்லை. இறுக்கி மூடிய பெரிய கண்ணாடித் தொட்டி வந்தது, பெரிதாக்கிக் காட்டும் திரை வந்தது, பலகை வந்தது. "உலக அதிசயங்களைத் தின்ற வண்டு" என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். கீழே என்ன எழுதலாம் என்று கேட்டபோது பூச்சியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"கொண்டுவந்தவர், காப்பாளரின் அத்தான். அப்படியே போடுங்க. ஊர் பாக்கட்டும்."

மானம் போகட்டும் என்றுதான் சொன்னாள். வீட்டில் அக்கா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். "உன் வாயில நல்லதே வராதா? அந்த மனுஷன் உனக்காகத்தானே அலைஞ்சாரு?" என்று கேட்டதுதான் கடைசிப் பேச்சு.  அத்தானோ சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பலகையைப் பார்க்கப் போனார்.

போனவர் ஒளிந்துகொண்டாரா? அதுதான் இல்லை. பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார். "அந்த அத்தான் நான்தான்," என்றார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. குழந்தைகள் அவரோடு படம் எடுத்துக்கொண்டன. ஒரு வாரத்தில் அவர் கூடத்தின் பாதி நிர்வாகி ஆகிவிட்டார். தினமும் வந்தார். பூச்சியம்மா சாப்பாட்டு வேளையில் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்து விட்டார். இந்தக் கம்பள வண்டுக் குடும்பத்தில் ஒரு வண்டின் புழு பட்டினி கிடந்தால் தோலை உரித்து உரித்து முன்பிருந்ததைவிடச் சின்னதாகிவிடும், சாப்பாடு கிடைத்தால் மறுபடி வளரும் என்று கையை விரித்தும் சுருக்கியும் காட்டுவார். சனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அதே விஷயத்தை அவள் சொன்னபோது கொட்டாவி விட்ட சனங்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. கூடம் தப்பித்துவிட்டது, வேலை தப்பித்துவிட்டது, இரண்டையும் யார் புண்ணியத்தில் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

லீவின் கடைசி ஞாயிறு. கூட்டம் நெரிந்தது. தொட்டிக்குள் போட்டிருந்த பூச்சித் தூளும் உதிர்ந்த கால்களும் தீர்ந்துவிட்டன, புழுக்கள் சும்மா சுருண்டு கிடந்தன. குழந்தைகள் முணுமுணுக்கத் தொடங்கின. இயக்குநர் அவள் காதருகே வந்தார்.

"பெருசா ஏதாவது போடுங்க. கூட்டம் கலைஞ்சிடப் போகுது."

"போட எதுவும் இல்லை சார்."

"அந்த இரும்பு அலமாரியில இருக்குல்ல?"

பூச்சியம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாட்டேன் என்றால் கூட்டம் போகும். கூட்டம் போனால் காப்பிக் கடை வரும். அப்புறம் இரும்பு அலமாரியை வைக்க இடம் ஏது? அலமாரியைத் திறந்தாள். கோலியாத் வண்டு கறுப்பும் வெள்ளையுமாக அவள் உள்ளங்கையை நிறைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் முதன்முதலில் கால் பிரித்து நிறுத்தியது அது. 

அத்தான் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் பக்கத்தில் வந்து நின்றார். அவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது, வண்டை அவர் தலையிலேயே போடலாம்போல இருந்தது.

"சந்தோஷமா அத்தான்? உங்க பெட்டி இதையும் தின்னப் போகுது."

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்த முகத்தை மாற்றாமல், குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

"பெட்டி தின்னலைம்மா. வெளியில இருந்து எது வந்தாலும் மொதல்ல ஃப்ரீஸர்லன்னு அரிசிக்கே சண்டை போட்டவ நீ. என் பெட்டியை அதுல வெச்சிருந்தா புழு பிழைச்சிருக்குமா? வெக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

 பூச்சியம்மா வெட்கத்தில் கூசிப்போனாள். சுற்றி இருந்த யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதர் இத்தனை வருஷமும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"பின்ன ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உன் வேலை போயிருக்கும்," என்றார் அத்தான். "உன் வேலை போனா நான் எங்க போய்ச் சாப்பிடறது?"

அவருக்கு எந்தப் பூச்சியின் பெயரைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடித்தான் பார்த்தாள். அதற்குள் முன்வரிசையில் ஒரு குழந்தை எக்கி எக்கிப் பார்க்க முயன்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்தான், புள்ளைங்களுக்கு மறைக்குது," என்று சொல்லிவிட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து, வண்டை ஊசியிலிருந்து உருவி உள்ளே வைத்தாள்.